தோன்றா எழுவாய்

எங்கள் காலனியில் எம்.ஏ. தமிழ் வரை படித்த முதல் ஆள் நான். படித்து என்ன கண்டாய் என்று யாராவது கேட்டால், மனு எழுதக் கற்றுக்கொண்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். முதியோர் பென்சன், சாதிச் சான்று, பட்டா, சுடுகாட்டுப் பாதை, தெருவிளக்கு என்று நாரணாபுரத்தில் நான் எழுதிக்கொடுத்த காகிதங்களுக்குக் கணக்கில்லை. அவற்றில் ஒன்று மட்டும் பத்து வருடத்துக்கு மேலாக நெஞ்சில் கிடந்து அறுக்கிறது. அது மனு அல்ல, வாக்குமூலம். என் சித்தப்பாவுக்கு எப்படித் தீக்காயம் பட்டது என்று நான் எழுதிக்கொடுத்த வாக்குமூலம்.

2014 கார்த்திகை மாதம். தீபாவளி முடிந்து ஆபீஸ்கள் மறுபடி திறந்திருந்த நேரம். எங்கள் பக்கம் பட்டாசுத் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். எழுத்து வேலை எதுவும் அங்கே நடக்காது, இருந்தாலும் ஆபீஸ். சித்தப்பா போன ஆபீசின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவர் மருந்து கலக்கிறவர் அல்ல. வெடி உருட்டுகிறவரும் அல்ல. அவருக்கு என்ன வேலை என்று கேட்டால், "அங்கிட்டு இங்கிட்டு" என்பார். தண்ணீர் எடுத்து வைப்பது, மூட்டை இறக்குவது, சாயங்காலம் அறைகளைக் கூட்டிப் பெருக்குவது, கூட்டியதை வேலி ஓரம் கொண்டுபோய் எரிப்பது. மழை ஈரத்தில் இரண்டு மூன்று நாள் எரிக்காமல் கிடந்த கழிவு அது. கொட்டும்போதே பற்றிவிட்டது. பன்னிரண்டு நாள் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தார். பதின்மூன்றாம் நாள் இல்லை.

அவர் உயிரோடு இருந்த நான்காம் நாள், வராந்தாவில் வைத்துப் போர்மேன் என்னிடம் ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார்.

"தாயி, நீ படிச்ச புள்ள. சொல்றத எழுது. கழிவை எரிக்கப் போனபோது எதிர்பாராதவிதமாகத் தானாகத் தீப்பற்றிக்கொண்டது. அம்புட்டுத்தான். 'கவனக்குறைவா இருந்தாரு'ன்னு எழுதச் சொல்லல பாரு, அது நான் ஒங்களுக்குச் செய்யிற ஒதவி. 'தானா'ன்னு போட்டாத்தான் பணம் சிக்கல் இல்லாம வரும்."

நான் சின்னம்மாவைப் பார்த்தேன். சின்னம்மா தாளைப் பார்த்தாள். எழுதினேன். சந்திப்பிழை இல்லாமல் எழுதினேன். சின்னம்மா கைநாட்டு வைத்தாள். பணம் வந்தது. அந்தப் பணத்தில்தான் சித்தப்பா மகள் பள்ளிக்கூடம் முடித்தாள். ஆகவே எழுதியது தப்பு என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட என்னால் முடியவில்லை. சரி என்றும் சொல்ல முடியவில்லை. அந்த வாக்கியத்தைத்தான் இங்கே பிரித்துப் பார்க்கப் போகிறேன்.

2

தமிழ் இலக்கணத்தில் தன்வினை, பிறவினை என்று இரண்டு உண்டு. பற்றியது தன்வினை. பற்றவைத்தான் பிறவினை. எழுவாய் வெளியே தெரியாமல் நிற்கும் வாக்கியமும் உண்டு. அதற்குத் தோன்றா எழுவாய் என்று பெயர். எழுவாயை மறைப்பது இலக்கணப் பிழை ஆகாது. அறத்தில் அது பிழையா என்பதுதான் என் கேள்வி.

நான் எழுதிய வாக்கியத்தில் எழுவாய் இருந்தது. தீ. தீ பற்றிக்கொண்டது. ஆனால் அந்தக் கழிவு மூன்று நாள் அங்கே கிடந்ததற்கு எழுவாய் யார்? மழைக்காலத்தில் கழிவை வைக்க ஓர் ஓடு போட்ட இடம்கூட இல்லாததற்கு எழுவாய் யார்? பயிற்சி எதுவும் இல்லாத ஒரு 'அங்கிட்டு இங்கிட்டு' ஆளை அதைத் தொடச் சொன்னது யார்? இவையெல்லாம் அந்த வாக்கியத்துக்கு முன்னாலேயே நடந்து முடிந்துவிட்டன. வாக்கியமோ கடைசி நொடியில் தொடங்குகிறது. அதிகாரத்தின் மொழி எப்போதும் கடைசி நொடியில்தான் பேச ஆரம்பிக்கும். நம் பத்திரிகைகள் விபத்து 'ஏற்பட்டது' என்றும், உயிரிழப்பு 'நேர்ந்தது' என்றும் எழுதுவதும் இந்த மொழியில்தான்.

தானாகப் பற்றும் பொருளே உலகில் கிடையாதா என்று விஞ்ஞானம் படித்த தோழர்கள் கேட்பார்கள். உண்டு. அதை மறைத்து வாதாட வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. பட்டாசில் சேரும் அலுமினியப் பவுடர் வெடியுப்போடு கலந்த நிலையில் அரைகுறை ஈரம் பட்டால் உள்ளுக்குள் சூடேறும். சூடு வெளியேற வழி இல்லாமல் குவிந்து கிடந்தால் ஒரு கட்டத்தில் பற்றும். நிலக்கரியும் அப்படித்தான். சுரங்கத்தின் அடியிலிருந்து வெட்டி மேலே கொண்டுவந்த கரி காற்றிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சுகிறது. உறிஞ்சும்போது சூடு உண்டாகிறது. காற்றே புகாவிட்டால் சூடு பிறக்காது. காற்று தாராளமாக அடித்தால் சூடு தங்காது. இரண்டுக்கும் நடுவே, கொஞ்சம் காற்று புகுந்து வெளியேற முடியாமல் நிற்கும் பெருங்குவியலின் வயிற்றில்தான் நெருப்பு பிறக்கிறது. அதனால்தான் சுரங்க வாயிலில் கரியைச் சேமிக்கிறவர்கள் குவியலை உயரமாக எழுப்பாமல், ரோலர் விட்டு இறுக்கி, பழைய கரியை முதலில் அனுப்பி, இடையிடையே சூடு பார்க்க வேண்டும் என்கிறார்கள். கரியோடு வெளிவரும் கல், களி, கரித்தூள் கலந்த கழிவுக்கும் இதே எச்சரிக்கை வேண்டும். அதிலும் எரியக்கூடியது மிச்சம் இருக்கிறது.

இதையெல்லாம் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே எங்கள் தாத்தா எனக்குச் சொல்லியிருக்கிறார். அவர் வேலிக்கருவையை வெட்டி மூட்டம் போட்டவர். "மூட்டம் பிரிச்ச அன்னைக்கே கரியச் சாக்குல அடைக்கக் கூடாது. பொறுக்கப் போட்டு, ஆறவிட்டு, மறுநா பாத்துத்தான் அடைக்கணும். இல்லன்னா லாரியோட போயிரும்." கரி தானாகப் பற்றும் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்ததனாலேயே இரவெல்லாம் அதன் பக்கத்தில் கண்விழித்துக் கிடந்தார். தாத்தாவுக்குக் 'கரி தானாகப் பற்றும்' என்பது காவல் இருப்பதற்கான காரணம். போர்மேனுக்கு அதே 'தானாக' காவலுக்கு யாரும் இல்லாததற்கான சாக்கு. பொருளின் குணம் தெரிந்தவனுக்குப் பொறுப்பு கூடத்தான் செய்யும், குறையாது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இதுதான்.

3

இந்தச் சண்டை நாரணாபுரத்தில் தொடங்கியதில்லை. பிரிட்டனில் வேல்ஸ் நாட்டில் அபர்வான் என்று ஒரு சுரங்கத் தொழிலாளர் கிராமம். மெர்தர் வேல் நிலக்கரிச் சுரங்கத்தின் கழிவை ஊருக்கு மேலே மலைச்சரிவில் மேடு மேடாகக் கொட்டி வைத்திருந்தார்கள். 1958இல் தொடங்கிய ஏழாவது மேட்டை நீரூற்றுக்கு மேலேயே கொட்டினார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கரிக்கழிவு கொட்டுவது ஆபத்து என்று 1963இலேயே உள்ளூர் நிர்வாகத்தின் பொறியாளர் கடிதம் எழுதியிருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. 1966 அக்டோபர் 21 காலை, பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்த நேரத்தில், மழையில் ஊறிய அந்த மேடு கூழாகிச் சரிந்து பள்ளிக்கூடத்தை மூடியது. செத்தவர்கள் 144 பேர். அதில் 116 பேர் குழந்தைகள்.

தேசிய நிலக்கரி வாரியத்தின் தலைவர் முதலில் என்ன சொன்னார்? மேட்டுக்கு அடியில் யாரும் அறியாத இயற்கை ஊற்று இருந்தது என்றார். போர்மேன் சொன்ன 'தானாக'வுக்கு இங்கிலீஷ் வடிவம் அது. அந்த ஊற்று ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். வரைபடத்திலும் இருந்தது. 1967இல் வந்த விசாரணை அறிக்கை வாரியமே குற்றவாளி என்றது. ஆனாலும் ஒருவர் மேலும் வழக்கு இல்லை, ஒருவருக்கும் வேலை போகவில்லை. மிச்சமிருந்த மேடுகளை அகற்றச் செலவாகும் என்று சொல்லி, செத்த குழந்தைகளின் பேரில் உலகம் அனுப்பிய உதவிநிதியிலிருந்து 1,50,000 பவுண்டை எடுத்துக்கொண்டார்கள். முப்பது வருடம் கழித்து 1997இல்தான் அந்தத் தொகையைத் திருப்பிக் கொடுத்தார்கள். கழிவைக் கொட்டியது ஒருவன், அதில் புதைந்தது இன்னொருவன் பிள்ளை, அள்ளுவதற்குக் காசு கொடுத்ததும் புதைந்த பிள்ளையின் ஊர்.

அந்த வரலாற்றில் எனக்கு மறக்க முடியாத இடம் வேறு. மரண விசாரணையில் குழந்தைகளின் பெயரை வாசித்து, சாவுக்குக் காரணம் மூச்சடைப்பு, காயங்கள் என்று சொல்லிக்கொண்டு போகிறார்கள். ஒரு தகப்பன் எழுந்து நின்று, அப்படி எழுதாதே, நிலக்கரி வாரியம் உயிரோடு புதைத்தது என்று எழுது, சான்றிதழில் அந்த வார்த்தைதான் வேண்டும் என்று கேட்கிறார்.

அவர் கேட்டது எழுவாயை. அவர் எம்.ஏ. படித்தாரா என்று எனக்குத் தெரியாது. நான் படித்திருந்தேன். நான் மறைத்ததை அவர் சபை நடுவே எழுப்பிக் கேட்டார்.

அது வெள்ளைக்காரன் ஊர், நமக்கு என்ன என்று நினைக்கிறவர்களுக்குக் கோலார் இருக்கிறது. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி தொடங்கிய தங்கச் சுரங்கத்தின் அடியாழத்தில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வடாற்காடு பக்கத்துச் சேரிகளிலிருந்து போன நம் ஆட்கள். தங்கம் கப்பல் ஏறியது. சயனைடு போட்டுத் தங்கத்தைப் பிரித்தபின் மிஞ்சிய மண், லைன் வீடுகளுக்குப் பக்கத்தில் பதின்மூன்று மேடுகளாக எழுந்தது. காற்றடி காலத்தில் அந்தத் தூசி சோற்றுத் தட்டில் வந்து விழும். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடினார்கள். வேலை போயிற்று, மேடு போகவில்லை. அந்தத் தூசிக்கு யார் பொறுப்பு என்று கேட்டபோதெல்லாம் ஆள் கிடைக்கவில்லை. ஆனால் அந்த மேடுகளில் இன்னும் தங்கம் மிச்சம் இருக்கிறது என்று கணக்கு வந்தவுடன், மேட்டை மறுபடி தோண்டும் மத்திய அரசின் திட்டத்துக்கு 2024இல் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. நம் நுரையீரலுக்குள் போனபோது அது யாருக்கும் சொந்தமில்லாத மண். விலை வந்ததும் அளந்து எல்லை போட்ட சொத்து.

இதற்கு நேர் எதிரானது எங்கள் ஊரிலும் நடந்தது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளைத் தடை செய்தது. அதுவரை பச்சை உப்பு என்று மூட்டை எண்ணி வாங்கிய சரக்கு, தீர்ப்புக்குப் பிறகு ஒளித்து வைக்க வேண்டிய, ஒழித்துக்கட்ட வேண்டிய பண்டம். பொருள் அதே பொருள்தான். ஆகவே கழிவு என்பது ஒரு பொருளின் குணம் அல்ல. லாபத்தை வைத்துக்கொண்டு மிச்சத்தை யார் பக்கம் தள்ளுகிறோம் என்கிற உறவுக்குப் பெயர்தான் கழிவு. அந்த உறவு எப்படி வேலை செய்யும் என்று சாதிச் சமூகத்தில் பிறந்த நமக்கு வகுப்பு எடுக்கத் தேவையில்லை.

4

பட்டாசு ஆபீசில் மருந்துக்குப் பெயர் உண்டு, எடை உண்டு, பதிவேடு உண்டு. 1884ஆம் வருட வெடிபொருள் சட்டத்தின் கீழ் வந்த 2008ஆம் வருட விதிகள் எந்த அறையில் எத்தனை பேர், எவ்வளவு சரக்கு, அறைக்கும் அறைக்கும் எவ்வளவு இடைவெளி என்றெல்லாம் அளந்து வைத்திருக்கின்றன. கழிவைச் சேரவிடாமல் அப்புறப்படுத்தி, அதற்கென்று உள்ள இடத்தில் முறையாக அழிக்க வேண்டும் என்பதும் ஏட்டில் இருக்கிறது. ஆனால் அறையில் கூட்டிய கழிவு என்றால் என்ன? சிந்திய மருந்து, அறுந்த திரி, உடைந்த குழாய், மணல், காகிதத் துண்டு. எது எதோடு கலந்தது என்று சரக்கு கலந்த ஆளுக்கே தெரியாது. பெயர் தெரிந்த மருந்தைவிடப் பெயர் தெரியாத இந்தக் கலவைதான் ஆபத்து. பெயர் தெரிந்த மருந்தை அனுபவசாலி தொடுகிறார். பெயர் தெரியாததை என் சித்தப்பா தொட்டார்.

ஏன் அவர்? எங்கள் தெரு ஆட்களுக்குத்தான் இந்த வேலை என்று எழுதப்பட்ட விதி எங்கும் கிடையாது. கூலி குரோஸ் கணக்கில். இத்தனை குரோஸ் உருட்டினால் இத்தனை ரூபாய். உட்கார்ந்து உருட்டுகிறவர் எழுந்து கூட்டினால் அவருக்குக் கூலி நஷ்டம். ஆகவே கூட்டுவதற்கு, உருட்டும் இடம் கிடைக்காத ஆள் வேண்டும். அந்த இடம் யாருக்கு முதலில் கிடைக்கும், யாருக்குக் கடைசியில் என்பதைச் சொந்தபந்தமும் தெருவும் தீர்மானிக்கின்றன. விதி எதுவும் எழுதாமலே கழிவு எங்கள் கைக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. சாதிக்கும் தோன்றா எழுவாய்தான்.

சேமிப்பின் கதையும் இதுவே. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஏராளமானோர் செத்தார்கள். அனுமதித்ததற்கு மேல் ஆளும் சரக்கும் இருந்ததாகப் பேசப்பட்டது. செத்தவர்களில் பலர் அங்கே வேலை செய்தவர்களே அல்ல, புகையைப் பார்த்துக் காப்பாற்ற ஓடிவந்த பக்கத்து ஊர்க்காரர்கள். 2016 அக்டோபர் 20 அன்று சிவகாசியில், ஒரு பட்டாசுக் கிட்டங்கியில் வண்டியில் சரக்கு ஏற்றும்போது தீப்பிடித்தது. பக்கத்தில் இருந்த ஸ்கேன் சென்டருக்குள் புகை புகுந்து, மூச்சுமுட்டிச் செத்தார்கள். ஸ்கேன் எடுக்க வந்தவருக்கும் பட்டாசுக்கும் என்ன சம்பந்தம்? பக்கத்துக் கட்டடத்தில் என்ன அடுக்கியிருக்கிறது என்று அவரிடம் யாராவது சொன்னார்களா?

"ஆபத்து என்று தெரிந்துதானே வேலைக்கு வருகிறார்கள்? யார் கட்டாயப்படுத்தினார்கள்?" என்கிற வாதத்துக்கு அந்த ஸ்கேன் சென்டர் ஒரு பதில். அபர்வான் பள்ளிக்கூடம் இன்னொரு பதில். சம்மதம் பற்றிப் பேசுகிற தத்துவமெல்லாம் ஒப்பந்தம் போடும் இரண்டு பேரைப் பற்றித்தான் பேசுகிறது. குவியலோ ஒப்பந்தத்தில் இல்லாதவர்கள் மேல்தான் சரிகிறது. சித்தப்பா சம்மதித்தார் என்றே வைத்துக்கொள்வோம். எதற்குச் சம்மதித்தார்? கூட்டுவதற்கு. ஈரம் பட்ட பவுடர் உள்ளுக்குள் வேகும் என்று சொல்லியிருந்தால் சம்மதித்திருப்பாரா என்று கேட்க இனி அவர் இல்லை. அறிவைத் தராமல் வாங்கிய சம்மதம், சின்னம்மாவிடம் வாங்கிய கைநாட்டு மாதிரிதான்.

5

இதை நான் எழுதுவது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "தொழில மூடிட்டா நீ சோறு போடுவியா?" என்கிறாள். இருபத்தெட்டு வருடம் சரவெடி பின்னியவள். அவள் பின்னிய வெடியில்தான் என் படிப்புச் செலவு வந்தது. பெரியம்மா பக்கத்து நகரம் ஒன்றில் தெருக்கூட்டுகிறவள். தீபாவளிக்கு மறுநாள் விடியற்காலையில், தங்கச்சி சுற்றிய காகிதத்தை அக்கா கூட்டி அள்ளுவாள். வெடித்தவர்கள் அப்போது தூங்கிக்கொண்டிருப்பார்கள். அம்மாவின் கேள்வியை ஒதுக்கிவிட்டு ஒழுக்கம் பேச எனக்கு வாய் இல்லை. தொழிலை மூடு என்பது என் கோரிக்கையும் இல்லை. பசியையும் நெருப்பையும் எதிரெதிரே நிறுத்தி ஒன்றைத் தேர்ந்தெடு என்று கேட்பதே மொதலாளியின் கேள்வி. அம்மாவின் வாயில் அது வந்தாலும் அவளுடைய கேள்வி ஆகிவிடாது.

இந்தக் கேள்வியை வேறு விதமாக வைக்க முடியும் என்று காட்டியவர் அண்ணல் அம்பேத்கர். வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தபோது 1943 டிசம்பரில் தன்பாத் பக்கத்து நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போனார். மேலே நின்று விசாரித்துவிட்டுத் திரும்பவில்லை, உள்ளே இறங்கிப் பார்த்தார். அடுத்த வருடம், 1944இல், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நல நிதிக்கான அவசரச் சட்டம் வந்தது. சுரங்கத்தை விட்டு வெளியே போகும் கரியின் மேல் ஒரு வரி விதித்து, அந்தப் பணம் வெட்டியவனின் வீட்டுக்கும் மருத்துவத்துக்கும் போக வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. அதாவது கரியின் விலைக்குள்ளேயே வெட்டியவனின் உடம்பையும் கணக்கில் சேர்ப்பது. கருணையாகப் பின்னால் கொடுப்பது அல்ல, விலையில் முன்னாலேயே எழுதுவது. பட்டாசுக் கழிவுக்கும் இதே நியாயம் பொருந்தும்.

ஆகவே தோழர்களே, நாம் கேட்க வேண்டியவை பெரிய தத்துவங்கள் அல்ல. கழிவுக்கும் பதிவேடு வேண்டும்: எந்த அறையில் கூட்டியது, என்ன கலந்தது, எத்தனை கிலோ, எந்த நேரத்தில் யார் அழித்தார் என்று. கூட்டும் கடைசி அரைமணி நேரத்துக்கும் கூலி வேண்டும். கூலி இருந்தால் அதைச் செய்யக் 'கடைசி ஆள்' தேட வேண்டியிராது. கழிவைத் தொடுகிறவருக்கு மருந்து கலக்கிறவருக்குத் தரும் அதே பயிற்சி வேண்டும். எரிக்கும்போது லைசென்ஸ் வைத்திருக்கிறவரோ அவர் பொறுப்பாக்கிய போர்மேனோ வேலிக்கு உள்ளே நிற்க வேண்டும். கிட்டங்கியில் என்ன இருக்கிறது என்பது பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுத்தில் தெரிய வேண்டும். இதற்கெல்லாம் ஆகும் செலவு வெடியின் விலையில் ஏறட்டும்.

இன்னொன்று, என்னைப் போல நாலு எழுத்து படித்தவர்களுக்கு. நம்மிடம்தான் அந்த வெள்ளைத்தாள் வரும். பணம் வேண்டியிருக்கும், எழுதத்தான் வேண்டியிருக்கும். நானும் இன்றைக்கு அந்த வராந்தாவில் நின்றால் என்ன செய்வேன் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் ஒரு நகல் நம்மிடம் இருக்க வேண்டும். அதில் முழு வாக்கியமும் இருக்க வேண்டும்.

போன மாதம் சின்னம்மாவிடம் அந்தப் பழைய வாக்குமூலத்தைப் படித்துக்காட்டினேன். பத்து வருடத்தில் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவள் கேட்டதே இல்லை. கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள்.

"தானாவா பத்துச்சு? மூணு நாளா ஈரத்துல கெடக்கு, ஒரு தகரத்தையாச்சும் போட்டு மூடுங்கன்னு ஒங்க சித்தப்பா சொல்லிக்கிட்டே இருந்தாரே. யாரும் கேக்கலயே. அத ஏன்த்தா நீ எழுதல?"

அவர் சொன்னார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நானும் அவளிடம் கேட்டதில்லை. இப்போது எழுதுகிறேன்: கழிவை மூடி வைக்கச் சொல்லி என் சித்தப்பா கேட்டார். மூடி வைக்க வேண்டியவர்கள் மூடி வைக்கவில்லை. அதை அள்ளிக் கொட்ட அவரையே அனுப்பினார்கள். அவரைக் கொன்றது அதுதான்.